யாருடைய பெயர் செத்தது? – ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’ நாடகம் கடல் கடந்த கதை



இந்த நினைவுநாளில் ஒரு சிரிப்பு நாடகத்தைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். நினைவுநாளில் சிரிப்பு நாடகமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சாவு வீட்டில் ஒப்பாரிக்கு நடுவிலும் கேலி பேசத் தெரிந்த மக்கள் நாம். கூத்தில் துரியோதனன் கொலுவிருக்கும்போதே அவனைக் கிண்டல் செய்கிற கட்டியங்காரனைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒடுக்கப்பட்டவர்களின் சிரிப்பு எதற்குப் பயன்படும், அது யார் காதில் எப்படி விழும் என்பது நமக்கு வெறும் அழகியல் கேள்வி இல்லை.

நாடகத்தின் பெயர் ‘சிஸ்வே பான்சி இறந்துவிட்டான்’. தென்னாப்பிரிக்காவில் 1972இல் பிறந்தது. அதே 1972இல்தான் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அமைப்பு தொடங்கப்பட்டது. இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: என் பெயரையும் என் இடத்தையும் முடிவுசெய்ய நீ யார்?

சட்டம் கொடுத்த புத்தகம்

நாடகத்துக்குள் போவதற்கு முன் ஒரு புத்தகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்குப் பாஸ் புத்தகம் என்றால் வங்கி நினைவுக்கு வரும். நிறவெறி ஆட்சிக்கால தென்னாப்பிரிக்காவில் ஒரு கறுப்பருக்குப் பாஸ் புத்தகம் என்றால் காவல்துறை நினைவுக்கு வரும். 1952இல் அந்த அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. சட்டத்தின் பெயரிலேயே ‘பாஸ் ஒழிப்பு’ என்று இருந்தது. அது செய்ததோ, பல தினுசாக இருந்த பழைய பாஸ்களை எடுத்துவிட்டு, 16 வயதான எல்லாக் கறுப்பர் கையிலும் ஒரே மாதிரியான புத்தகத்தைத் திணித்தது. புகைப்படம், அடையாள எண், முதலாளியின் பெயர், வரி கட்டிய விவரம், எந்த ஊரில் எத்தனை நாள் இருக்கலாம் என்ற முத்திரை, எல்லாம் அதில் இருக்கும். கேட்ட இடத்தில் காட்டாவிட்டால் சிறை. மக்கள் அதற்கு ‘டோம்பாஸ்’ என்று பெயர் வைத்தார்கள். முட்டாள் பாஸ் என்று பொருள்.

நகரத்தில் குடியிருக்கும் உரிமைக்குக் கணக்கு இருந்தது. அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்திருக்க வேண்டும். அல்லது ஒரே முதலாளியிடம் 10 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். அல்லது சட்டப்படி 15 ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். இல்லாதவர் 72 மணி நேரத்துக்கு மேல் தங்க அனுமதி வாங்க வேண்டும். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இந்தச் சட்டங்களின் கீழ் கைதானார்கள். 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 69 பேர் செத்தார்கள்.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் பாய்ந்த சமூகங்களுக்கு ஊரைவிட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டியிருந்தது. ரேகை பதிய வேண்டியிருந்தது. இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. நம் நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீக்கப்பட்ட ஆண்டு 1952. தென்னாப்பிரிக்கா பாஸ் புத்தகத்தை எல்லோர் கையிலும் திணித்ததும் அதே ஆண்டுதான். சட்டம் போன பிறகும் குறவர் குடியிருப்புகளுக்குள் போலீஸ் எப்படி நுழைகிறது என்பதை இந்த அரங்கில் இருக்கும் வழக்கறிஞர் தோழர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

பாம்புக் குழியிலிருந்து வந்தவர்கள்

போர்ட் எலிசபெத் நகரத்தை ஒட்டிய கறுப்பர் குடியிருப்பு நியூ பிரைட்டன். 1963இல் அங்கிருந்த சில நாடக ஆர்வலர்கள் வெள்ளை நாடகாசிரியர் அதோல் ஃபியூகார்டைத் தேடிப்போய், தங்களோடு சேர்ந்து வேலை செய்யக் கேட்டார்கள். நகரின் அருங்காட்சியகத்தில் பாம்புகளை வைத்திருந்த பழைய குழி ஒன்றில் ஆடலாம் என்று யோசித்ததால் குழுவுக்கு ‘சர்ப்ப நடிகர்கள்’ என்ற பொருளில் பெயர் வந்தது. அவர்கள் முதலில் போட்டதே ஒரு நகைச்சுவை நாடகம்தான். மாக்கியவெல்லியின் இத்தாலிய நாடகம் ஒன்றைத் தங்கள் குடியிருப்புக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தக் குழுவினர் ஒவ்வொருவராகக் கைதானார்கள். சிலர் ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள். ஃபியூகார்டின் கடவுச்சீட்டை அரசு 1967இல் பறித்தது. 1971இல்தான் திரும்பக் கிடைத்தது.

இந்தக் குழுவில் இருந்தவர்கள் ஜான் கானி, வின்ஸ்டன் என்ட்ஷோனா. கானி ஃபோர்டு கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். என்ட்ஷோனாவும் தொழிற்சாலைத் தொழிலாளி. 1972இல் இருவரும் முழுநேர நடிகர்களாவது என்று முடிவெடுத்தார்கள். அப்போது ஒரு சிக்கல் எழுந்தது. கறுப்பருடைய பாஸ் புத்தகத்தில் முதலாளியின் பெயர் இருந்தாக வேண்டும். ‘நடிகர்’ என்று கறுப்பருக்கு ஒரு தொழில் இருப்பதாகச் சட்டம் ஏற்கவில்லை. ஆகவே இருவரும் ஃபியூகார்டின் வீட்டு வேலைக்காரர்கள் என்று பதிவானார்கள். பின்னாளில் நியூயார்க்கில் உலகின் பெரிய விருதைப் பெறப்போகிற இரண்டு கலைஞர்கள், தாய்நாட்டின் காகிதத்தில் வேலைக்காரர்கள். இதைவிடப் பெரிய நகைச்சுவையை எந்த நாடகாசிரியராலும் எழுத முடியாது.

ஒரு புகைப்படத்திலிருந்து நாடகம் முளைத்தது. புகைப்படக் கடையில் எடுத்த படம் அது: நல்ல உடுப்பு போட்ட ஒரு கறுப்பர், ஒரு கையில் சிகரெட், இன்னொரு கையில் புகைக்குழாய், முகம் நிறையச் சிரிப்பு. இந்த மனிதர் ஏன் இப்படிச் சிரிக்கிறார்? மூன்று பேரும் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, தங்கள் அனுபவங்களைப் பேசியும் நடித்தும் பார்த்து நாடகத்தை உருவாக்கினார்கள்.

கதை இதுதான். ஸ்டைல்ஸ் என்பவர் நியூ பிரைட்டனில் புகைப்படக் கடை வைத்திருக்கிறார். முதல் அரைமணி நேரத்துக்கு மேல் மேடையில் அவர் ஒருவர்தான். செய்தித்தாளைப் படித்துக்கொண்டே நம்மிடம் பேசுகிறார். தான் ஃபோர்டு தொழிற்சாலையில் இருந்தபோது அமெரிக்காவிலிருந்து பெரிய முதலாளி ஹென்றி ஃபோர்டு வந்த கதையைச் சொல்கிறார். ஒரே நாளில் தொழிற்சாலையைக் கழுவித் துடைக்கிறார்கள். அதுவரை கண்ணில் காட்டாத பாதுகாப்புச் சாதனங்களையெல்லாம் தொழிலாளிகளுக்குக் கொடுக்கிறார்கள். வெள்ளை மேற்பார்வையாளன் ஆங்கிலத்தில் உத்தரவு போட, அதைத் தொழிலாளிகளுக்கு மொழிபெயர்க்கிற வேலை ஸ்டைல்ஸுக்கு. அவர் பவ்யமான முகத்தோடு எஜமானனைக் கிழித்துத் தொங்கவிட்டு மொழிபெயர்க்கிறார். தொழிலாளிகள் சிரிக்கிறார்கள், உத்தரவு நன்றாகப் புரிந்துவிட்டது என்று மேற்பார்வையாளன் திருப்தியடைகிறான். கடைசியில் ஃபோர்டு வருகிறார், சில அடி உள்ளே வைக்கிறார், போய்விடுகிறார். போன நேரத்தை ஈடுகட்ட இயந்திரங்கள் இரட்டிப்பு வேகத்தில் ஓடுகின்றன. ஸ்டைல்ஸ் வேலையை விட்டுவிட்டுத் தனக்கென்று கடை வைக்கிறார்.

அந்தக் கடைக்கு ஒருவர் படம் எடுக்க வருகிறார். ஊரில் இருக்கும் மனைவிக்கு அனுப்ப வேண்டுமாம். பெயர் கேட்டால் தடுமாறி ‘ராபர்ட் ஸ்வெலின்சிமா’ என்கிறார். அவருடைய உண்மைப் பெயர் சிஸ்வே பான்சி. கிங் வில்லியம்ஸ் டவுனிலிருந்து வேலை தேடி வந்தவர். மூன்று நாளில் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று புத்தகத்தில் முத்திரை விழுந்துவிட்டது. ஒருநாள் இரவு அவரும் நண்பர் புண்டுவும் குடித்துவிட்டு வரும்போது சந்தில் ஒரு பிணம் கிடக்கிறது. செத்தவரின் புத்தகத்தில் வேலை தேடும் அனுமதி முறையாக இருக்கிறது. புண்டு படங்களை மாற்றி ஒட்டுகிறார். சிஸ்வே பான்சி காகிதத்தில் செத்துவிட வேண்டும். செத்த ராபர்ட்டாக இவர் பிழைக்க வேண்டும்.

சிஸ்வே தயங்குகிறார். என் பெயரை எப்படி விடுவேன், என் பிள்ளைகளுக்கு எந்தப் பெயர் என்று கேட்கிறார். அரசாங்கம் நம்மைப் பார்க்கும்போது மனிதனையா பார்க்கிறது, எண்ணைத்தானே பார்க்கிறது. அந்தப் பெயரில் உனக்கு என்ன மிச்சமிருக்கிறது என்கிறார் புண்டு. அதுவரை வயிறு வலிக்கச் சிரித்த அரங்கம் அந்த இடத்தில் அமைதியாகிவிடும்.

ஊருக்குள் நடந்த மேடையேற்றம்

1972 அக்டோபர் 8 அன்று கேப்டவுனில் ‘ஸ்பேஸ்’ என்ற சிறு அரங்கில் நாடகம் முதலில் அரங்கேறியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அரங்கில் உட்காருவதே சிக்கலான காலம் அது.

நியூ பிரைட்டனில் நாடகம் போட்டபோது நடந்ததை ஃபியூகார்டு பதிவு செய்திருக்கிறார். ஃபோர்டு காட்சி முடிந்ததும் பார்வையாளர் ஒருவர் ஆடுகளத்துக்குள் வந்து, குத்துச்சண்டை நடுவர் போல ஜான் கானியின் கையை உயர்த்திப் பிடித்து, ஹென்றி ஃபோர்டை இவர் வீழ்த்திவிட்டார் என்று அறிவித்தாராம். புத்தகத்தை மாற்றுகிற காட்சியில் பார்வையாளர்கள் தங்களுக்குள் வாதம் செய்யத் தொடங்கினார்கள். மாற்றாதே, மாட்டிக்கொள்வாய் என்று ஒருவர். நான் மாற்றித்தான் இருக்கிறேன், இன்னும் என்னைப் பிடிக்கவில்லை என்கிற தொனியில் இன்னொருவர். நடிகர்கள் நின்று அந்த விவாதத்தைக் கேட்டார்கள்.

தோழர்களே, இதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அந்த அரங்கில் இருந்தவர்கள் ஒரு கதாபாத்திரத்தின் நிலைமையை ரசித்துக்கொண்டிருக்கவில்லை. தங்கள் சட்டைப் பையில் இருந்த புத்தகத்தைப் பற்றி முதல்முறையாகப் பொது இடத்தில், உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு அவர்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது. தனியாக இருக்கும்போது பயமாக இருந்தது, கூட்டமாகச் சிரித்தபோது கேலிக்குரியதாக மாறியது.

லண்டன், நியூயார்க், பிறகு சிறை

1973 செப்டம்பரில் லண்டன் ராயல் கோர்ட் அரங்கின் மாடியில் இருந்த சிறு மேடையில் நாடகம் அரங்கேறியது. அடுத்த ஆண்டு பெரிய மேடைக்கு வந்தது. 1974 நவம்பரில் நியூயார்க்கின் எடிசன் அரங்குக்குப் போனது. ராபன் தீவுக் கைதிகளைப் பற்றிய ‘தீவு’ நாடகத்தோடு மாறி மாறி நடந்தது. 150 காட்சிகளைத் தாண்டியது. 1975இல் சிறந்த நடிகருக்கான டோனி விருதை கானியும் என்ட்ஷோனாவும் பகிர்ந்துகொண்டார்கள்.

அங்கே சிரித்தவர்கள் யார்? பெரும்பாலும் சட்டைப் பையில் பாஸ் புத்தகம் இல்லாதவர்கள். ஃபோர்டு காட்சி நியூயார்க்கில் வேறு பொருள் கொண்டது. ஃபோர்டு அவர்கள் நாட்டு நிறுவனம். நிறவெறி ஆட்சியோடு வியாபாரம் செய்கிற அமெரிக்க மூலதனத்தை அமெரிக்க மண்ணிலேயே, சிரிக்க வைத்துக்கொண்டே இருவர் கேள்வி கேட்டார்கள். இன்னொரு பக்கம், சிரித்து, கைதட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நம் நாட்டில் இப்படி இல்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனவர்களும் இருந்திருப்பார்கள். நியூ பிரைட்டனில் விவாதத்தைத் தூண்டிய அதே சிரிப்பு, அயல்நாட்டில் மனச்சாட்சியைத் தடவிக்கொடுக்கவும் பயன்படக்கூடும். ஒரே நாடகம் இரண்டு வேலையும் செய்யும்.

அதற்காக வெளிநாட்டு மேடையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஏன் என்பதை 1976 காட்டுகிறது. டோனி விருது வாங்கிய இருவரும் அமெரிக்காவிலேயே தங்கிவிடவில்லை. தாய்நாட்டுக்குத் திரும்பி அதே நாடகத்தைப் போட்டார்கள். கறுப்பருக்குத் தனிநாடு தருகிறோம் என்று சொல்லி நிறவெறி அரசு டிரான்ஸ்கை பகுதிக்குப் போலிச் ‘சுதந்திரம்’ கொடுத்த நாள் 1976 அக்டோபர் 26. அதே மாதத்தில், அங்கே நாடகம் போட்டதற்காக இருவரும் கைதாகி அடைக்கப்பட்டார்கள். நாடகத்தில் அந்தப் போலிச் சுதந்திரத்தைக் கேலி செய்கிற இடம் உண்டு. லண்டனிலும் நியூயார்க்கிலும் நாடகக் கலைஞர்கள் கண்டனம் எழுப்பிய பின் இருவரும் விடுதலையானார்கள். ஊர் மேடை அவர்களைச் சிறைக்கு அனுப்பியது. வெளிநாட்டு மேடையில் கிடைத்த பெயர் அவர்களைக் காப்பாற்றியது.

எல்லோருக்கும் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. சிஸ்வே கிங் வில்லியம்ஸ் டவுனிலிருந்து போர்ட் எலிசபெத்துக்கு வந்தவன் என்று சொன்னோம். 1973 முதல் அதே கிங் வில்லியம்ஸ் டவுனைத் தாண்டக்கூடாது என்று அரசு ஒருவரைக் கட்டிப்போட்டிருந்தது. அவர் கறுப்பு உணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பீகோ. தடையை மீறிப் பயணம் செய்தபோது பிடிபட்டு, போர்ட் எலிசபெத்தில் சித்திரவதைக்கு ஆளாகி, 1977 செப்டம்பர் 12 அன்று இறந்தார். நாடகத்தில் எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே சிரிப்பு நடக்கிறதோ, அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே இதுவும் நடந்தது.

யாருடைய நாடகம்?

நமக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து செய்த நாடகம் இது. ஆனாலும் உலகம் நெடுங்காலமாக இதை ‘ஃபியூகார்டின் நாடகம்’ என்றே சொல்லிப் பழகியது. ஃபோர்டு தொழிற்சாலையில் நின்றது கானியின் கால்கள். பாஸ் புத்தகத்தைச் சுமந்தது கானியும் என்ட்ஷோனாவும். ஃபியூகார்டு நேர்மையாக மூவர் பெயரையும் போட்டார். வாசிக்கிறவர்களின் கண் முதல் பெயரிலேயே நின்றுவிட்டது. பெயரைப் பறிகொடுப்பதைப் பற்றிய நாடகத்துக்கே பெயரில் இன்னொரு விபத்தும் நேர்ந்தது: ஹோசா மொழியில் ‘பான்சி’ என்ற பெயரில் வர வேண்டிய ஆங்கில எழுத்து மாறி அச்சாகி, பல ஆண்டுகள் உலகமெங்கும் தவறாகவே வழங்கியது. பின்னாளைய மேடையேற்றங்களில்தான் அது திருத்தப்பட்டது.

நம் பாட்டைத் தொகுத்தவர் பெயர் நூலின் அட்டையிலும், பாடியவர் பெயர் நன்றியுரையிலும் வருவதை நாம் பார்த்திருக்கிறோம். தோழமையோடு வருகிறவர்களை நாம் ஒதுக்கவில்லை. 1963இல் நியூ பிரைட்டன் கலைஞர்கள்தான் ஃபியூகார்டைத் தேடிப்போய்க் கூப்பிட்டார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது என்கிறோம். கூப்பிட்டவர்களின் பெயரும் வரலாற்றில் நிற்க வேண்டும்.

சட்டம் செத்த பிறகு

1986இல் பாஸ் சட்டங்கள் நீக்கப்பட்டன. 1994இல் நிறவெறி ஆட்சியே முடிந்தது. அத்தோடு நாடகம் அருங்காட்சியகத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. 2006இல் பீட்டர் புரூக் பாரிஸிலிருந்து இதைப் பிரெஞ்சு மொழியில் மேடையேற்றினார். மாலி நாட்டைச் சேர்ந்த ஹபீப் டெம்பெலேயும், காங்கோவில் வேர்கொண்ட பிச்சோ வோம்பா கோங்காவும் நடித்தார்கள். காகிதம் இல்லாத ஆப்பிரிக்கக் குடியேறிகள் போலீஸுக்குப் பயந்து வாழ்கிற பிரான்சில் அந்த நாடகத்துக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. அதே காலத்தில் கானியும் என்ட்ஷோனாவும், தலை நரைத்த பிறகு, மீண்டும் அதே பாத்திரங்களில் நடித்தார்கள். 2007இல் லண்டன் நேஷனல் தியேட்டரிலும், 2008இல் நியூயார்க் புரூக்ளினிலும். 2013இல் லண்டன் யங் விக் அரங்கில் இளம் இயக்குநர் மேத்யூ சியா இன்னொன்று செய்தார். பார்வையாளர்கள் ‘வெள்ளையர்’, ‘வெள்ளையரல்லாதார்’ என்று பிரிக்கப்பட்டு உள்ளே அனுப்பப்பட்டார்கள். சீட்டு வாங்கி வந்தவர்கள் ஒரு நிமிடமாவது வாசலில் நின்று, தான் எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்று அழுவது ஒன்று, பிரித்து நிறுத்தப்படுவது வேறொன்று என்பது அந்த வாசலிலேயே புரிந்துவிடும்.

என்ட்ஷோனா 2018இல் மறைந்தார். ஃபியூகார்டு 2025இல் மறைந்தார்.

நாம் என்ன எடுத்துக்கொள்வது?

அம்பேத்கர் 1946இல் கறுப்பர் தலைவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். அவர்கள் செய்ததை நாமும் செய்யலாமா என்று பார்ப்பதற்காகக் கேட்டார். ரெட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்து பணியாற்றியவர். இந்த உறவு புதிதல்ல.

நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும்போது நாம் என்ன செய்கிறோம்? சொந்த ஊர் எது, என்ன சாப்பிடுவீர்கள், முழுப்பெயர் என்ன என்று கேட்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறோம்? எத்தனை பேர் அலுவலகத்தில் அம்பேத்கர் படத்தைக் கைப்பேசியின் முகப்பில் வைக்கத் தயங்கியிருக்கிறோம்? சாதிச் சான்றிதழில் ஒரு பெயர், விடுதி நண்பர்களிடம் ஒரு கதை, வேலை இடத்தில் ஒரு மௌனம். நம் கையில் யாரும் பாஸ் புத்தகம் கொடுக்கவில்லை. ஆனால் நாம் ஒவ்வொருவரும் சந்தில் கிடந்த ஏதோ ஒரு ராபர்ட் ஸ்வெலின்சிமாவின் படத்தை எடுத்துவிட்டு நம் படத்தை ஒட்டியிருக்கிறோம்.

இதைச் செய்தவரை நாம் கோழை என்று சொல்லமாட்டோம். புண்டுவும் கோழை இல்லை. பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்பது கோழைத்தனம் ஆகாது. ஆனால் சிஸ்வேயின் கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது: என் பிள்ளைகளுக்கு எந்தப் பெயர்? இந்த இரண்டு பேருக்கும் நடுவே இருக்கிற வாதத்தை நாம் வீட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறோம். நியூ பிரைட்டன் மக்கள் அதை அரங்கத்தில் வைத்து உரக்கப் பேசினார்கள்.

கே.ஏ. குணசேகரன் ‘பலி ஆடுகள்’ நாடகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வழியில் கோபத்துக்கும் கண்ணீருக்கும் நம்மிடம் மேடை இருக்கிறது. நம் கேலிக்கும் மேடை வேண்டும். வீடு பார்க்கப் போன கதையை, நேர்முகத் தேர்வில் அப்பா பெயரைக் கேட்ட கதையை, தனிக் குவளையில் தேநீர் வாங்கிய தாத்தா கடைக்காரனைப் பற்றித் திண்ணையில் சொன்ன கேலிக் கதையை, நம் மாணவர்கள் நாடகமாகச் செய்ய வேண்டும். முதலில் சேரியில் போடுங்கள். பார்வையாளர் குறுக்கே பேசினால் நிறுத்திக் கேளுங்கள். செய்தவர் எல்லோர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். டெல்லிக்கும் லண்டனுக்கும் அழைப்பு வந்தால் போய் வாருங்கள். அங்கே கிடைக்கும் பெயர் ஒருநாள் இங்கே ஜாமீனுக்கு உதவும். ஆனால் திரும்பி வந்து, அதே தெருவில் அதே நாடகத்தை மறுபடியும் போடுங்கள்.

கானியும் என்ட்ஷோனாவும் அதைத்தான் செய்தார்கள்.